நார்த் பை நார்த்வெஸ்ட் டிஸ்க்கை நம்ம வீட்டில் ஒழுங்காகப் பார்க்க: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பஸ் ஒன்று வந்து நிற்கிறது. கோட்டும் டையும் போட்ட ஒருவர் இறங்குகிறார். பஸ் போய்விடுகிறது. நாலாபக்கமும் பொட்டல், வெயில், நேராக ஓடும் ஒரு ரோடு. மூலைக்கரைப்பட்டிப் பக்கமோ பணகுடி தாண்டியோ, பங்குனி மதியத்தில் அடுத்த பஸ்ஸுக்காக ஒற்றை ஆளாக நின்றவர்களுக்கு அந்த இடத்தை விளக்கவே வேண்டாம். கதைப்படி அது சிகாகோவிலிருந்து போகும் வழி. படம்பிடித்தது கலிஃபோர்னியாவில், பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம். ஹிட்ச்காக் 1959-ல் எடுத்த ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’. விளம்பரக் கம்பெனி ஆசாமி ஒருவரை வேறொரு உளவாளி என்று எதிராளிகள் தப்பாக நினைத்துத் துரத்துகிறார்கள். கதை இவ்வளவுதான். இதற்கு மேல் நான் சொல்லக் கூடாது.

இந்தப் படத்தை முதலில் டெக் வாடகைக்கு எடுத்த காலத்தில் கேசட்டில் பார்த்தேன். பிறகு விசிடி, டிவிடி, ப்ளூ-ரே. கடைசியாக 4கே டிஸ்க், அதாவது ப்ளூ-ரேயைவிட நாலு மடங்கு புள்ளிகளோடு படத்தைக் காட்டும் டிஸ்க். அந்தப் பொட்டல் காட்டின் வானத்தில் விமானம் தூரத்தில் ஒரு புள்ளியாக இருப்பது கேசட்டில் எனக்குத் தெரியவே இல்லை. 4கே-யில் அது புள்ளியாகத் தெரிந்து, கண்ணெதிரே வளர்ந்து வருகிறது. ஆனால் டிஸ்க்கை வாங்கிச் செருகினால் மட்டும் இது கிடைக்காது. எனக்கே இரண்டு மாதம் கிடைக்கவில்லை. நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்தப் படத்துக்கு டிஸ்க் ஏன் முக்கியம்

காரணம் ஃபிலிமிலேயே இருக்கிறது. சாதாரண 35 மி.மீ. கேமராவில் ஃபிலிம் செங்குத்தாக ஓடும். ஒரு ஃப்ரேமுக்கு ஓரத்தில் 4 துளைகள். 1954-ல் பாராமவுண்ட் கொண்டுவந்த விஸ்டாவிஷன் முறையில் அதே ஃபிலிமைப் படுக்கவைத்து ஓட்டினார்கள். ஒரு ஃப்ரேமுக்கு 8 துளைகள். பாயைக் குறுக்கே விரிப்பதற்குப் பதில் நெடுக்கே விரித்த மாதிரி, நெகட்டிவில் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கிடைத்தது. எம்ஜிஎம் நிறுவனத்துக்காக ஹிட்ச்காக் எடுத்த ஒரே படமான இது, அந்த முறையில் எடுக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் பெரும்பாலான தியேட்டர்களுக்குப் போன பிரிண்டோ, இந்தப் பெரிய நெகட்டிவைச் சாதாரண 35 மி.மீ. அளவுக்குச் சுருக்கியது. அதாவது கேமரா பார்த்த நுணுக்கம் முழுவதும் அன்றைய ரசிகர்களுக்குக் கிடைக்கவில்லை. மூல நெகட்டிவிலிருந்து புதிதாகப் படியெடுத்துச் சீரமைத்து 2024 நவம்பரில் வந்த 4கே டிஸ்க், அவர்கள் பார்க்காத அளவுக்கு நமக்குக் காட்டுகிறது. பழைய படம்தானே, டிவிடி போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் படத்தைப் பொறுத்தவரை நேர்மாறு. இப்போது வரும் பல படங்களைவிட இதில் நுணுக்கம் கூடுதல்.

ஸ்ட்ரீமிங்கில் பார்த்தால் ஆகாதா? ஆகும். ஆனால் 4கே ஸ்ட்ரீமிங் பொதுவாக நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட் வரைதான் அனுப்பும். 66 அல்லது 100 ஜிபி கொள்ளளவுள்ள 4கே டிஸ்கில் 100 மெகாபிட்டைத் தாண்டவும் இடமுண்டு. புழுதி, புகை, ஃபிலிமில் ரவை போலத் தெரியும் மணித்துகள் இதெல்லாம் வரும் இடத்தில்தான் இந்த வித்தியாசம் தெரியும். இந்தப் படமோ புழுதியில் நிற்கிற படம்.

முதல் வேலை: எந்தப் பதிப்பு, உங்கள் வீட்டில் எது ஓடும்

மூன்று பதிப்புகளை மனதில் வையுங்கள். 2000-ல் வந்த டிவிடி, 2009-ல் படத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு வந்த ப்ளூ-ரே, 2024-ல் வந்த 4கே. 32 இஞ்ச் டிவி என்றால் ப்ளூ-ரேயே தாராளம், 4கே-க்குச் செலவு செய்ய வேண்டாம். 55 இஞ்சும் அதற்கு மேலும் இருந்து, சுவரோரம் இல்லாமல் ஏழெட்டு அடி தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் என்றால் 4கே வாங்குங்கள். டிவிடியை நான் இப்போது யாருக்கும் சொல்வதில்லை.

அடுத்தது ப்ளேயர். சாதாரண ப்ளூ-ரே ப்ளேயரில் 4கே டிஸ்க் ஓடாது. உள்ளே போகும், சுற்றும், படிக்க முடியவில்லை என்று வெளியே தள்ளும். 4கே ப்ளேயர் தனியாக வாங்கலாம். வாங்குவதற்கு முன் வீட்டுப் பையன்களிடம் கேளுங்கள். டிஸ்க் செருகும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 இருந்தால் அதிலேயே 4கே டிஸ்க் ஓடும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் இரண்டிலும் ஓடும், ப்ளூ-ரே ஆப்பை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும். பிளேஸ்டேஷன் 4-ல் ஓடாது. எங்கள் வீட்டில் தம்பி மகன் விளையாட வாங்கிய பெட்டியில்தான் நான் முதலில் பார்த்தேன்.

மண்டலப் பூட்டு பற்றிப் பலருக்கும் குழப்பம். ஒரு பகுதியில் விற்கும் டிஸ்க் வேறு பகுதியின் ப்ளேயரில் ஓடாதபடி செய்யும் தடைதான் அது. டிவிடிக்கு இந்தியா 5-ஆம் மண்டலம், அமெரிக்கா 1. ப்ளூ-ரேக்கு நாம் சி, அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி. 4கே டிஸ்க்குகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம், அமெரிக்காவில் வாங்கியது வள்ளியூரிலும் ஓடும். இந்தப் படத்தின் டிஸ்க்கை வெளியிடும் வார்னர் கம்பெனியின் ப்ளூ-ரேக்களில் பெரும்பாலானவையும் பூட்டில்லாதவைதான். ஆனாலும் அட்டையின் பின்பக்கத்தில் ஏ, பி, சி குறியைப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

வாங்குவதும் பிரிப்பதும்

நம் பக்கம் புது டிஸ்க் விற்கும் கடை இன்று இல்லை என்றே சொல்லலாம். ஆன்லைனில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்கு வரும் சொந்தக்காரர் கையில் கொண்டுவர வேண்டும். நெல்லைச் சீமையில் துபாயிலோ அமெரிக்காவிலோ ஆள் இல்லாத தெரு ஏது? இரண்டாவது வழிதான் மேல். தபால் செலவு, சுங்க வரி இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் டிஸ்க்கின் விலை சின்னதாகிவிடும். அட்டையில் டிஜிட்டல் கோட் (அதே படத்தை இணையத்திலும் பார்க்கத் தரும் குறியீடு) உண்டு என்று போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். அமெரிக்கப் பதிப்பில் வரும் கோட் அந்த நாட்டுக்காரர்களுக்கானது.

பழைய டிஸ்க் வாங்கினால் போலியா என்று பாருங்கள். ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பி, நடுத்துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி மாதிரியான வளையத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சிட்ட டிஸ்கில் அங்கே பொடி எழுத்தில் எண்ணும், ஐஎஃப்பிஐ என்ற ஆங்கில எழுத்துகளோடு ஒரு குறியும் இருக்கும். டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளி நிறமாகவோ லேசான பொன் நிறமாகவோ இருக்க வேண்டும். ஊதா அடித்தால் அது யாரோ கம்ப்யூட்டரில் எழுதியது.

பார்சலைப் பிரிக்கும்போது மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். எனக்கு வந்த முதல் டிஸ்க் உறைக்குள் நடுப்பிடியிலிருந்து கழன்று, வழி நெடுக ஆடி, கோடு கோடாக வந்து சேர்ந்தது. படம் 1 மணி 20 நிமிடத்தில் அப்படியே நின்றுவிட்டது. விற்றவரிடம் கேட்டதற்கு, நீங்கள்தான் கீறியிருப்பீர்கள் என்றார். வீடியோ இல்லாததால் நான் சொன்னது எடுபடவில்லை. இப்போது பெட்டியை வாங்கியதும் முதலில் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்ப்பேன். கடகடவென்றால் உள்ளே கழன்றிருக்கிறது என்று அர்த்தம்.

இணைப்பு

எச்டிஎம்ஐ ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம். 18 ஜிகாபிட் தாங்கும் ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ ஒயர் போதும். டிவியில் நாலு எச்டிஎம்ஐ வாய் இருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. 4கே எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் நுணுக்கத்தோடு காட்டும் முறை) ஏற்கும் வாய் எது என்று பின்பக்கம் எழுதியிருக்கும். டிவி மெனுவில் அந்த வாய்க்கு ‘என்ஹான்ஸ்டு’ அல்லது அதுபோன்ற பெயரில் ஒரு வசதி இருக்கும், அதைப் போட்டால்தான் எச்டிஆர் முழுதாக வரும். ப்ளேயரில் 24 ஃப்ரேம் வெளியீட்டையும் ஆன் செய்யுங்கள். படம் நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுக்கப்பட்டது, அப்படியே வர வேண்டும்.

மின்சாரம் ஏறி இறங்கும் தெருவென்றால் ஸ்டெபிலைசரோ யுபிஎஸ்ஸோ கட்டாயம். பாதியில் கரண்ட் போனால் பல 4கே டிஸ்க்குகள் விட்ட இடத்தை நினைவில் வைக்காது. எந்த அத்தியாயத்தில் இருக்கிறோம் என்று அவ்வப்போது பார்த்து வையுங்கள். ப்ளேயரை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். நம்ம சித்திரைச் சூட்டில் உள்ளே வெந்துவிடும்.

டிவியைத் திருத்துவது: இங்கேதான் பொறுமை வேண்டும்

நான் இரண்டு மாதம் கோட்டைவிட்ட இடம் இது. 4கே டிஸ்க், புது டிவி, எல்லாம் சரி. ஆனால் படம் எனக்கு ஒட்டவே இல்லை. ஏன் என்றும் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா டவுனிலிருந்து வந்திருந்தார். பத்து நிமிடம் பார்த்தார்.

“என்னடே இது, சீரியல் கணக்கா ஓடுது?”

“சினிமாதான் சித்தப்பா. அறுபது வருசத்துக்கு முந்தின படம்.”

“சினிமாவா? அந்த ஆளு நடக்கது பக்கத்து வீட்டுல வீடியோ எடுத்த மாதிரிலா இருக்கு. ராயல் தியேட்டர்ல பாத்தா இப்படியா இருக்கும்?”

அவர் சொன்னதுதான் சரி. டிவிக்காரர்கள் கிரிக்கெட்டுக்காக வைத்திருக்கும் ஒரு வசதி, இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் தானாகப் புது ஃப்ரேம்களை உண்டாக்கிச் செருகும். மோஷன் ஸ்மூத்திங், ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கும். அதை அணைத்தேன். அதே காட்சியைத் திரும்பப் போட்டேன். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை, சாய்ந்து உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஆகவே முதல் வேலையாக அதை அணையுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே இது அணைந்துவிடும். இல்லையென்றால் ‘சினிமா’ அல்லது ‘மூவி’. கடையில் விளக்கு வெளிச்சத்தில் பளபளக்க வைத்திருக்கும் ‘விவிட்’ மோடில் இந்தப் படத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள், முகமெல்லாம் மஞ்சள் பூசியது போலாகிவிடும். முதல் இரண்டு நாள் சினிமா மோட் மங்கலாக, கொஞ்சம் பழுப்பாகத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள், கண் பழகிவிடும்.

அடுத்து ஷார்ப்னஸ். அதைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், சில டிவிகளில் நடு அளவு. இந்த நெகட்டிவுக்குச் செயற்கைக் கூர்மை தேவையே இல்லை. ‘நாய்ஸ் ரிடக்ஷன்’ எதுவாக இருந்தாலும் அணையுங்கள். திரையில் ரவை தூவியது போல அசையும் துகள்கள் ஃபிலிமின் இயல்பு. அதைத் துடைத்தால் முகங்கள் மெழுகாகிவிடும். திரையளவை ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஒரிஜினல்’ என்று வையுங்கள், இல்லையென்றால் ஓரம் வெட்டுப்படும். இந்தப் படத்தின் அகலம் நம் டிவியின் வடிவத்துக்கு மிக நெருக்கம். மேலும் கீழும் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் அது குறை இல்லை. அதை மறைக்க ஜூம் செய்யாதீர்கள்.

ஒலியும் மின்விசிறியும்

பெர்னார்ட் ஹெர்மனின் இசை டைட்டிலிலேயே துரத்தத் தொடங்கிவிடும். ஆனால் அந்தப் பொட்டல் காட்டுக் காட்சியில், விமானம் டேங்கர் லாரியில் மோதும்வரை இசையே கிடையாது. கார் ஒன்று வரும், போகும். காற்று. தூரத்தில் இயந்திரச் சத்தம். அவ்வளவுதான். நம் வீட்டில் தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தால் இந்தக் காட்சியின் பாதி போய்விடும்.

அதனால் இரவு பத்து மணிக்கு மேல், தெரு அடங்கிய பிறகு பாருங்கள். மார்கழி, தை மாதங்கள் மிக நல்லது. அந்தக் காட்சி ஆரம்பிக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். கொஞ்சம் வேர்க்கும். வேர்க்கட்டும், திரையில் இருப்பவருக்கும் வேர்க்கிறது. நான் முதல் தடவை அப்படிப் பார்த்தபோது எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் கேட்டது, அதற்கு அப்புறம் விமானம் கேட்டது.

பழைய ஒற்றைத் தடத்தில் வந்த படத்தைப் பல ஸ்பீக்கருக்குப் பிரித்து அமைத்த ஒலித்தடமும் டிஸ்கில் உண்டு. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவர்கள், மெனுவில் மோனோ தடம் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், வசனம் தெளிவாக நிற்கும். தமிழ் சப்டைட்டில் எதிர்பார்க்க வேண்டாம், ஆங்கிலம்தான். ஆங்கிலம் வேகமாகப் படிக்காதவர்கள் வீட்டில் இருந்தால், முதல் பத்து நிமிடக் கதையை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஆள் மாறாட்டம் புரிந்துவிட்டால் போதும். எங்கள் ஆச்சி மீதிப் படத்தைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தார்.

படத்தை வைத்தே சோதிப்பது

அமைப்பு சரியா என்று பார்க்கத் தனி டிஸ்க் வேண்டாம். படத்திலேயே இடங்கள் இருக்கின்றன.

சால் பாஸ் அமைத்த டைட்டிலில் பச்சைப் பின்னணியில் கோடுகள் ஓடி, ஒரு கட்டடத்தின் கண்ணாடி முகப்பாக மாறும். கோடுகளின் ஓரத்தில் வெள்ளை நிழல் தெரிந்தால் ஷார்ப்னஸ் கூடுதல். டைட்டில் முடியும் இடத்தில், பஸ்ஸின் கதவு முகத்தில் அடித்தாற்போல் மூடிக்கொள்ள, ஏற முடியாமல் நிற்கும் குண்டு மனிதர் ஹிட்ச்காக்கேதான்.

கதாநாயகன் கேரி கிராண்டின் சாம்பல் நிற சூட்டைப் பாருங்கள். துணியின் நெசவு தெரிய வேண்டும். புழுதி படிந்த பிறகு அந்தச் சாம்பலும் மண்ணின் நிறமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அது ஒன்றாகக் கலங்கினால் நிறம் கூடியிருக்கிறது, குறையுங்கள்.

கடைசியில் வரும் ரஷ்மோர் மலை இரவுக் காட்சி கறுப்புக்கான சோதனை. பாறையின் மடிப்புகள் இருட்டிலும் தெரிய வேண்டும். எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தால் பிரைட்னஸை ஒவ்வொரு புள்ளியாக ஏற்றுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். அந்தப் பாறை ஸ்டுடியோவில் கட்டிய செட் என்பதும் 4கே-யில் தெரியும். காரிலும் ரயிலிலும் பின்னால் ஓடும் காட்சி தனியாக ஒட்டியது போலத் தெரிவது, ஐ.நா. கட்டடத்தின் உச்சியிலிருந்து பார்க்கும் காட்சி ஓவியம் என்று புரிவது, இவையெல்லாம் டிஸ்க்கின் குறைகள் அல்ல. படம் அப்படித்தான் எடுக்கப்பட்டது. ஐ.நா. வளாகத்தில் படம்பிடிக்க அனுமதி கிடைக்காததால், கேரி கிராண்ட் உள்ளே நுழைவதை மறைவாக வைத்த கேமராவில் எடுத்தார்கள். அந்த ஷாட்டை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

ரஷ்மோர் உணவகத்தில் துப்பாக்கி வெடிக்கும் முன்பே பின்னால் ஒரு சிறுவன் காதைப் பொத்திக்கொள்வான். ஒத்திகையில் சத்தம் கேட்டுக் கேட்டுப் பயந்துவிட்டான் போலும். கேசட்டில் அவனைத் தேட வேண்டியிருந்தது. இப்போது அவன் முகம் தெரிகிறது. ரயில் உணவுப் பெட்டியில் கதாநாயகி ஈவா மேரி செயின்ட் பேசும் ஒரு வசனத்தில் உதட்டசைவும் குரலும் பொருந்தாது. தணிக்கைக்காக ஒரு சொல்லைப் பிறகு மாற்றிப் பேசவைத்தார்கள். டிவியின் ஒலி பிந்துகிறதோ என்று பயந்து மெனுவைத் திருகாதீர்கள். 4கே டிஸ்க் வந்த 2024-ல்தான் ஈவா மேரி செயின்டுக்கு நூறு வயது நிறைந்தது.

திரைக்கதை எழுதிய எர்னஸ்ட் லேமன் படம் முழுவதும் பேசும் தனி ஒலித்தடம் 2009 ப்ளூ-ரேயில் இருக்கிறது. அதை இரண்டாம் தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். 1966-ல் வந்த ஜெய்சங்கரின் ‘வல்லவன் ஒருவன்’ படத்தை இப்படி ஒரு டிஸ்கில், எடுத்தவர்கள் பேச்சோடு பார்க்க எவ்வளவு ஆசையாக இருக்கிறது!

நம்ம ஊர் வெயிலிலும் சாரலிலும் டிஸ்க்கைக் காப்பது

டிஸ்க்கின் தடிமன் 1.2 மி.மீ. டிவிடியில் தகவல் படலம் இரண்டு தகடுகளுக்கு நடுவில், 0.6 மி.மீ. ஆழத்தில் இருக்கும். ப்ளூ-ரேயிலும் 4கே-யிலும் அடிப்பக்கத்திலிருந்து 0.1 மி.மீ. ஆழம்தான். மேலே கெட்டியான பூச்சு இருப்பதால் சின்னக் கீறல் விழாது. விழும் ஆழக் கீறல் நேரே தகவலைத் தொட்டுவிடும். ஆகவே விரல் படாமல், ஓரத்தையும் நடுத்துளையையும் பிடித்தே எடுங்கள். உறையிலிருந்து இழுக்காதீர்கள், நடுப்பிடியை அழுத்தினால் தானே விடும்.

ஆடிக் காற்றில் ஜன்னல் திறந்திருந்தால் டீப்பாய் மேல் அரை மணி நேரத்தில் மண் படியும். அந்த மண்ணோடு துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. முதலில் ஊதுங்கள், வாயால் அல்ல, கேமராவுக்கு விற்கும் ரப்பர் ஊதியால். அப்புறம் மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தடம் வட்டமாகத்தான் ஓடுகிறது, அதே வாக்கில் விழும் கீறலை ப்ளேயரால் ஈடுகட்ட முடியாது. பற்பசை, பவுடர், வேட்டி முனை எதுவும் வேண்டாம்.

பரணில் வைக்காதீர்கள். மொட்டை மாடித் தளத்துக்கு அடியில் சித்திரையில் என்ன சூடு என்று நமக்குத் தெரியும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சூட்டைவிடச் சாரல்தான் பகை. ஆனியிலிருந்து ஆவணி வரை ஈரம் ஏறி, அட்டையிலும் டிஸ்கிலும் வெள்ளையாகப் பூஞ்சை படரும். வெளிச்சுவரை ஒட்டாத ஒரு பீரோவில், படுக்கவைக்காமல் நிமிர்த்தி, ஒவ்வொரு தட்டிலும் நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். சாரல் முடிந்ததும் ஒரு காய்ந்த நாளில் எல்லாவற்றையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி ஏதாவது தெரிந்தால் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து, நிழலில் காயவிட்டு, பிறகு உறைக்குள் போடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.